வேலைத்தலத்தில் தடுப்பூசி: ஆட்கள் ஏன் வருவதில்லை, எப்படி வரவைப்பது?

கேள்வி இதுதான்: "300 பேர் வேலை பார்க்கும் ஒரு பொருள் கிடங்கில் பணியாளர் பிரிவைக் கவனிக்கிறேன். மூன்று ஷிஃப்ட். ஏறக்குறைய பாதிப் பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். எங்கள் வேலைக்கும் மருத்துவத்துக்கும் தொடர்பில்லை. போன முறை ஃப்ளூ தடுப்பூசி முகாம் வைத்தோம். சுவரொட்டி ஒட்டினோம், மின்னஞ்சல் அனுப்பினோம், 40 பேர்தான் வந்தார்கள். யாரையும் கட்டாயப்படுத்த எனக்கு விருப்பமில்லை. எப்படி ஊக்கப்படுத்துவது?"

ஆலைகளிலும் கிடங்குகளிலும் தொழிலாளர் நலப் பிரிவு நர்ஸாகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் சுவரொட்டியில் குறை ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் அந்த 40 பேர் வந்ததற்கும் மீதி 260 பேர் வராததற்கும் சுவரொட்டிக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. வராதவர்கள் எல்லோரையும் 'மறுத்தவர்கள்' என்று கணக்கு வைக்காதீர்கள். அதில் உண்மையாகவே தடுப்பூசி வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் சிலர்தான். மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் வண்டி வந்திருக்கும், சூப்பர்வைசர் முறைத்திருப்பார், ஷிஃப்ட் வேறாக இருந்திருக்கும், 'அப்புறம் போட்டுக்கலாம்' என்று தோன்றியிருக்கும். இவர்களுக்கு இன்னொரு சுவரொட்டி ஒட்டிப் பயனில்லை.

ஒரு முகாமில் நடந்ததைச் சொல்கிறேன். பெட்டி ஏற்றும் வேலை செய்யும் ஒருவர் வரிசையில் நின்று வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைக் கையைப் பாதி சுருட்டிவிட்டு நிறுத்தினார். "மேடம், நாளைக்குக் கை தூக்க வருமா?" என்று கேட்டார். வலி ஒன்றிரண்டு நாள் இருக்கலாம், பெரும்பாலும் தாங்கக்கூடியதுதான் என்றேன். அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டு எழுந்து போய்விட்டார். அவருக்கு எண்ணிக்கைக் கூலி. தோளுக்கு மேலே பெட்டி தூக்க முடியாத நாளில் வருமானம் குறையும். அவருக்கு ஊசிமேல் சந்தேகமே கிடையாது. நாங்கள்தான் ஒரு திங்கட்கிழமை காலை முகாமை வைத்திருந்தோம். அடுத்த சுற்றில் அவரவர் வார விடுமுறைக்கு முந்தைய நாள் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் வைத்தோம். எந்தக் கையால் அதிகம் வேலை செய்கிறீர்கள் என்று கேட்டு, மற்ற கையில் போட்டோம். அவர் வந்தார். வந்ததோடு நிற்காமல் கூட வேலை பார்க்கும் மூன்று பேரையும் அழைத்து வந்தார்.

அதனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, பேச்சு எதையும் தயாரிக்காமல் தடைகளைத் தேடிப் போவது. ஒரு ஷிஃப்டுக்குப் பத்துப் பேரிடம் நின்று பேசுங்கள். "ஏன் வரவில்லை?" என்று கேட்டால் குற்றம் சாட்டுவதுபோல இருக்கும். "வர நினைத்திருந்தால் எது இடைஞ்சலாக இருந்திருக்கும்?" என்று கேளுங்கள். வரும் பதில்களில் முக்கால்வாசி நேரம், கூலி, இடம், ஷிஃப்ட் பற்றியதாக இருக்கும். அவை எல்லாம் உங்கள் கையில் உள்ளவை.

நேரத்துக்குச் சம்பளம் உண்டு என்பதை எழுத்தில் கொடுங்கள். 'வேலை நேரத்தில் போகலாம்' என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், அதை சூப்பர்வைசர் எப்படி எடுத்துக்கொள்வார் என்ற பயம் தொழிலாளிக்கு இருக்கும். ஊசி போட எடுக்கும் நேரம் பணி நேரம், மறுநாள் காய்ச்சல் வந்தால் அதற்கும் சம்பளப் பிடித்தம் இல்லை, வருகைப் பதிவில் அதைக் குறையாகக் குறிக்க மாட்டோம் என்று மூன்று வரி போதும். நியூயார்க் மாநிலம் 2021-ல் கொரோனா தடுப்பூசிக்காக, ஒரு ஊசிக்கு நான்கு மணி நேரம் வரை சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்று சட்டமே போட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155-ஆம் உடன்படிக்கை 1981-ல் வந்தது. தொழில் பாதுகாப்பு, சுகாதார நடவடிக்கைகளுக்கான செலவைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்று அதன் 21-ஆம் பிரிவு சொல்கிறது. வேலையால் வரும் ஆபத்துக்குப் போடும் ஊசிக்கு என் மனதில் இதே அளவுகோல்தான். மருந்துக்குக் காசு வாங்காமல், அதற்குப் போன ஒரு மணி நேரக் கூலியைப் பிடித்தால் அது இலவசம் ஆகாது.

அடுத்தது நேரம் குறித்துக் கொடுப்பது. இதற்கு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக ஊழியர்களிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. ஒரு குழுவுக்கு 'வேண்டுமானால் நேரம் பதிவு செய்துகொள்ளுங்கள்' என்று எழுதினார்கள். இன்னொரு குழுவுக்கு 'உங்களுக்கு இந்த நாள், இந்த நேரம் ஒதுக்கியிருக்கிறோம். மாற்றலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம்' என்று எழுதினார்கள். முதல் குழுவில் 33 சதவீதம் பேர் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டார்கள், இரண்டாவதில் 45 சதவீதம். மருந்து ஒன்றுதான், இடம் ஒன்றுதான், கட்டாயமும் கிடையாது. 2011-ல் வெளியான வேறொரு ஆய்வில் ஒரு பெரிய நிறுவனத்தின் ஊழியர்களுக்கு அனுப்பிய கடிதத்திலேயே 'எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வருவீர்கள்' என்று எழுதிக்கொள்ளக் கட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தாளை யாரும் திருப்பி வாங்கவில்லை, அது அவரவர் குறிப்புக்கு மட்டும்தான். அதற்கே 33 சதவீதம் 37 ஆனது. நான்கு என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். உங்கள் கிடங்கில் அது 12 பேர், அதுவும் ஒரு தாளின் செலவில்.

செய்தியின் சொற்களிலும் கொஞ்சம் கவனம் வையுங்கள். அமெரிக்கக் கடைச் சங்கிலியான வால்மார்ட்டின் மருந்தகங்களில் சுமார் 6.9 லட்சம் பேருக்கு 22 வகைக் குறுஞ்செய்திகளை அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். எல்லா வகையும் சேர்ந்து சராசரியாக இரண்டு சதவீதப் புள்ளிதான் கூட்டின. அதில் முன்னால் நின்றது, 'உங்களுக்கான ஃப்ளூ ஊசி காத்திருக்கிறது' என்ற மிகச் சாதாரணமான செய்தி. சாமர்த்தியமான வாசகங்கள் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். பெயர், நாள், நேரம், இடம், 'உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறோம்' என்பது போதும். மின்னஞ்சலே பார்க்காத ஆட்களுக்குச் சம்பளச் சீட்டோடு ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள்.

இரவு ஷிஃப்ட் விஷயம் எனக்கு இன்றும் வருத்தம் தருவது. தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், உறைந்துவிடவும் கூடாது. அதனால் மருத்துவக் குழு பகலில் வந்து, பகலிலேயே பெட்டியை எடுத்துக்கொண்டு போக விரும்பும். எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஆளிடம் 'பத்து மணிக்கு வந்து போட்டுக்கொள்ளுங்கள்' என்பது வராதீர்கள் என்று சொல்வதற்குச் சமம். முகாமுக்கு ஏற்பாடு செய்யும்போதே இரவு ஷிஃப்ட் தொடங்கும் அல்லது முடியும் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். கூடுதல் பணம் கேட்டாலும் கொடுங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓர் இடத்தில் முகாம் முடியும் தறுவாயில் துப்புரவுப் பணி செய்யும் ஓர் அம்மா வாசலில் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு நின்றார். உள்ளே வரவில்லை. "எங்களுக்கும் உண்டா, இல்ல ஆபீஸ்காரங்களுக்கு மட்டுமா?" என்றார். பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அவர் பெயர் இல்லை, ஏனென்றால் அவர் அந்த நிறுவனத்தின் ஆள் இல்லை. அந்த இடத்தில் எல்லோருடைய குப்பைப் பையையும் கையால் கட்டித் தூக்குவது அவர்தான். சர்க்கரை நோய்க்காரர்கள் இன்சுலின் போட்டுவிட்டு எறியும் ஊசி உட்பட எல்லாம் அந்தப் பையில்தான் வரும். அன்று அவருக்கு ஃப்ளூ ஊசி போட்டேன். ஆனால் அவருக்கு முதலில் கிடைத்திருக்க வேண்டியது, ரத்தம் வழியே தொற்றும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்கு எதிரான ஊசி. உங்கள் 300 பேரில் பாதிப் பேர் ஒப்பந்தம் என்கிறீர்கள். போன முகாமின் பட்டியலில் அவர்கள் பெயர் இருந்ததா என்று முதல் வேலையாகப் பாருங்கள். அவர்கள் கண்ணில் உங்கள் மின்னஞ்சல் பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

இதிலிருந்து இன்னொரு கேள்வி வருகிறது: எந்த ஊசி? தடுப்பூசி என்றதும் எல்லோருக்கும் ஃப்ளூவும் கொரோனாவும்தான் நினைவுக்கு வருகின்றன. அவரவர் வேலையைப் பார்த்துத்தான் ஊசியைத் தீர்மானிக்க வேண்டும். மண்ணிலும் இரும்பிலும் வேலை செய்பவருக்கு டெட்டனஸ் ஊசி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சாக்கடை, கழிவுநீர் வேலைக்கு ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். விலங்குகளைக் கையாள்பவருக்கு ரேபிஸ். வெல்டிங் புகையைச் சுவாசிப்பவர்களுக்கு நிமோனியா ஆபத்து அதிகம் என்பதால் பிரிட்டனில் வெல்டர்களுக்கு நிமோகாக்கல் ஊசியைப் பரிந்துரைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களுக்கு, கால்நடைகளிடமிருந்து தொற்றும் க்யூ காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது. அந்தக் கிருமியோடு ஏற்கெனவே பழகிய உடம்புக்குப் போட்டால் கடுமையான எதிர்விளைவு வரலாம் என்பதால், முன்கூட்டியே ரத்தப் பரிசோதனையும் தோல் பரிசோதனையும் செய்த பிறகுதான் போடுவார்கள். 2024-ல் பின்லாந்து கோழிப்பண்ணை, உரோம விலங்குப் பண்ணைத் தொழிலாளர்களுக்குப் பறவைக் காய்ச்சல் ஊசி கொடுக்கத் தொடங்கியது. இவர்கள் யாரும் மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள் இல்லை.

காரணத்தைச் சொல்லும்போதும் நோய்க்கு ஏற்ற காரணத்தைச் சொல்லுங்கள். 'உங்களையும் காப்பாற்றுங்கள், பக்கத்தில் இருப்பவரையும் காப்பாற்றுங்கள்' என்ற வாசகத்தை எல்லா ஊசிக்கும் ஒட்டிவிடுகிறார்கள். டெட்டனஸ் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவாது. கிருமி மண்ணில் இருக்கிறது, காயம் வழியே உள்ளே போகிறது. சுற்றியிருக்கும் எல்லோரும் ஊசி போட்டிருந்தாலும் போடாத ஒருவரை அது காக்காது. ஃப்ளூ அப்படியில்லை. காய்ச்சல் வெளியே தெரிவதற்கு ஒரு நாள் முன்பே மற்றவருக்குத் தொற்றக்கூடியது. அங்கே பக்கத்தில் இருப்பவரைப் பற்றிப் பேசுவது நியாயம். தொழிலாளர்கள் இந்த வித்தியாசத்தை நன்றாகக் கவனிக்கிறார்கள். ஒரு இடத்தில் பொருந்தாத காரணத்தைச் சொல்லிவிட்டால் அடுத்த இடத்தில் சொல்லும் உண்மையும் எடுபடாது.

ஃப்ளூ ஊசியின் பலனைக் கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். 1995-ல் வெளியான ஆய்வு ஒன்று, ஆரோக்கியமாக வேலைக்குப் போகும் 849 பேரைப் பார்த்தது. சளிக் காய்ச்சல் வகை நோய்களால் போடாத குழுவில் 100 பேருக்கு 122 நாள் லீவு போனது, போட்ட குழுவில் 70 நாள். நல்ல பலன்தான். ஆனால் 1997–98 பருவத்தில் வேறொரு உற்பத்தி நிறுவனத்தில் பார்த்தபோது ஃப்ளூ போன்ற காய்ச்சல் குறையவே இல்லை. பரவிய வைரஸ் வகையும் ஊசியில் இருந்த வகையும் அந்த வருடம் பொருந்தவில்லை. அடுத்த பருவத்தில் பொருந்தியது. உறுதி செய்யப்பட்ட ஃப்ளூவை 86 சதவீதம் தடுத்தது, வேலை இழப்பு நாட்கள் 32 சதவீதம் குறைந்தன. உலக சுகாதார அமைப்பு வருடத்துக்கு இரண்டு முறை கூடி, எந்த வகைகளை ஊசியில் சேர்ப்பது என்று பரிந்துரைப்பது இதனால்தான். 'ஒரு வருடம் நன்றாகக் காக்கும், ஒரு வருடம் சுமாராகக் காக்கும், எந்த வருடம் எது என்று முன்கூட்டித் தெரியாது, அதனால்தான் வருடா வருடம் போடுகிறோம்' என்று நான் நேராகவே சொல்வேன். அப்படிச் சொன்னதால் எழுந்து போனவர் யாரும் எனக்கு நினைவில்லை. 'போட்டால் காய்ச்சலே வராது' என்று யாரோ சொன்னதை நம்பிப் போட்டு, பிறகு காய்ச்சல் வந்து, அதற்கப்புறம் வருடக்கணக்கில் வராமல் போனவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

'ஊசி போட்டுத்தான் எனக்கு ஃப்ளூவே வந்தது' என்பது எல்லா இடத்திலும் வரும் பேச்சு. கையில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதிலிருந்து ஃப்ளூ வர வழியில்லை. ஆனால் உடம்பு எதிர்ப்பு சக்தியைத் தயாரிக்கும்போது லேசான காய்ச்சலும் உடல்வலியும் ஒன்றிரண்டு நாள் வரலாம். பாதுகாப்பு வர இரண்டு வாரம் ஆகும், அதற்குள் உண்மையான ஃப்ளூ தொற்றலாம். வேறு சளியும் பிடிக்கலாம். இதைச் சொல்லும் விதம் முக்கியம். 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், 'ஊசியால் ஃப்ளூ வராது' என்று விளக்கியதும் அந்தத் தவறான நம்பிக்கை குறைந்தது. ஆனால் பக்கவிளைவு பற்றி ஏற்கெனவே மிகவும் பயந்தவர்களிடம் போட்டுக்கொள்ளும் எண்ணம் கூடவில்லை, இன்னும் குறைந்தது. வாதத்தில் தோற்றவருக்கு வேறு காரணம் தேடத் தோன்றும் என்று நான் புரிந்துகொள்கிறேன். அதனால் 'கட்டுக்கதையும் உண்மையும்' என்று பலகை வைப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. "போன தடவை என்ன ஆச்சு, சொல்லுங்க" என்று கேட்டு, அவர் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை இருங்கள். "ரெண்டு நாள் படுத்துட்டீங்களா? கஷ்டமா இருந்திருக்குமே" என்பதை முதலில் சொல்லுங்கள். அப்புறம், "எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லட்டுமா?" என்று அனுமதி கேட்டுவிட்டு விளக்கம் சொல்லுங்கள். அவர் தலையாட்டினால் மட்டும் தொடருங்கள். இன்று இல்லை என்றால் அதையும் மரியாதையோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

யார் பேசுவது என்றால், மேலாளர் வேண்டாம். மேலாளர் சொன்னால் அது உத்தரவாகக் கேட்கும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் எல்லோரும் சந்தேகம் கேட்கும் ஒருவர் இருப்பார். மூத்த ஓட்டுநராகவோ சங்கப் பிரதிநிதியாகவோ பேக்கிங் பகுதி அக்காவாகவோ இருக்கலாம். அவர்களை ஒரு வாரம் முன்பே நர்ஸோடு உட்கார வைத்து, எந்தக் கேள்வியையும் கேட்க விடுங்கள். அவர்கள் மனம் ஒப்பினால் முதல் ஆளாகப் போட்டுக்கொள்ளட்டும். ஒப்பவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். அவர் ஏன் தயங்குகிறார் என்பதே உங்களுக்கு வேண்டிய தகவல்.

முகாம் நாளில் திரை ஒன்று போடுங்கள். மற்றவர் காதில் விழும்படி 'கர்ப்பமா? ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? வேறு நோய் உண்டா?' என்று கேட்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். வேலை போய்விடுமோ என்று கர்ப்பத்தை வெளியே சொல்லாமல் இருக்கும் பெண் அந்த வரிசையிலிருந்து விலகிவிடுவாள். உயிரிழந்த வைரஸால் செய்த ஃப்ளூ ஊசி கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைக்கப்படுவது, அவளுக்குத்தான் அது மிகவும் தேவை. உயிருள்ள வைரஸ் ஊசி என்றால் கர்ப்பிணிக்குக் கூடாது, அதற்காகவும் அவளால் உண்மையைச் சொல்ல முடிகிற தனிமை வேண்டும். போட்ட பிறகு 15 நிமிடம் உட்கார நிழலில் நாற்காலிகள், தண்ணீர், கடும் ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின், கொடுக்கத் தெரிந்த ஆள் எல்லாம் இருக்க வேண்டும். கடும் ஒவ்வாமை பத்து லட்சம் ஊசிக்கு ஏறக்குறைய ஒன்று என்ற அளவில்தான் வரும். அதைவிட அடிக்கடி நடப்பது பயத்திலும் பசியிலும் மயங்கி விழுவது. வரிசையின் கண்ணெதிரே ஒருவர் விழுந்தால் பின்னால் நிற்பவர்களில் பலர் கலைந்துவிடுவார்கள். ஊசியைப் பார்த்தாலே தலைசுற்றும் என்பவரைத் திரைக்குப் பின்னால் படுக்க வைத்துப் போடுங்கள்.

பரிசு கொடுக்கலாமா என்றால், சிறிய தொகை கொஞ்சம் உதவுகிறது. 2021-ல் ஸ்வீடனில் 200 குரோனா கொடுத்துப் பார்த்தபோது கொரோனா ஊசி போட்டவர்கள் சுமார் நான்கு சதவீதப் புள்ளி கூடினார்கள். அதே வருடம் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம், ஊசி போட்டவர்களுக்கு 10 லட்சம் டாலர் பரிசுக் குலுக்கல் நடத்தியது. அதனால் ஊசி போடுவது கூடியதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால் அந்தப் பணத்தை மறுநாள் காய்ச்சல் விடுப்புக்கு வையுங்கள். பிரிவுக்குப் பிரிவு போட்டி வைத்து, போடாதவர் பெயரைப் பலகையில் எழுதுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஊசி போட்டவர் பட்டியல் மருத்துவத் தகவல், அது நர்ஸிடம் பூட்டி இருக்கட்டும். உங்களுக்குத் தேவை எண்ணிக்கை மட்டும்தான்.

மறுத்தவருக்குக் கதவைத் திறந்து வையுங்கள். அமெரிக்காவில் 1991-ல் வந்த தொழில் பாதுகாப்பு விதி, ரத்தத்தோடு தொடர்பு வரக்கூடிய வேலையில் இருப்பவர்களுக்கு ஹெபடைடிஸ் பி ஊசியை முதலாளி இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. மருத்துவமனைக்கு வெளியே வேலை செய்பவர்களும் இதில் வருவார்கள். வேண்டாம் என்பவர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடலாம். ஆனால் அதே வேலையில் இருக்கும்வரை எப்போது மனம் மாறினாலும் அவருக்கு இலவசமாகவே கொடுக்க வேண்டும். உங்கள் கிடங்கிலும் இப்படி வையுங்கள். முகாம் முடிந்து இரண்டு வாரம் கழித்து சின்னதாக இன்னொரு சுற்று நடத்துங்கள். முதல் சுற்றில் 'அவனுக்கு என்ன ஆகிறது பார்க்கலாம்' என்று காத்திருந்தவர்கள் அதில் வருவார்கள்.

ஊசி போட்டாலும் காய்ச்சலோடு வேலைக்கு வந்துதான் ஆக வேண்டும் என்ற நிலை உங்கள் கிடங்கில் இருந்தால் அதையும் சேர்த்துச் சரிசெய்யுங்கள். உடம்பு முடியாத நாளில் லீவு மறுக்கும் இடத்தில், 'உங்கள் நலனுக்காக' என்று சொல்லி நீட்டும் ஊசியை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஹெபடைடிஸ் பி போல மூன்று தவணை ஊசி தொடங்கினால் இன்னொரு சிக்கல் உண்டு. வழக்கமாக முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. அதற்குள் ஒப்பந்தத் தொழிலாளி வேறு இடத்துக்குப் போயிருப்பார். முதல் ஊசி அன்றே ஒரு அட்டையில் மருந்தின் பெயர், போட்ட தேதி, அடுத்த இரண்டு தேதிகள் எல்லாம் எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். உங்கள் அலமாரியில் வைக்காதீர்கள். தேதி தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம் என்ற ஒரு வரியையும் அந்த அட்டையிலேயே சேர்த்துவிடுங்கள்.